கிணறு தூர்வாரும் சேவை: கருங்கல் வட்டாரத்தில் எங்கள் அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் அருகே உள்ள எங்கள் வீட்டுக் கிணறு 42 அடி ஆழம். மூடியின் உடைந்த பகுதி வழியாகப் பலா இலைகள் விழுந்து இரண்டு ஆண்டுகளாக அழுகிக் கிடந்தன. இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவ மழைக்கு முன் தூர்வாரிவிட எண்ணி, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வரும் நால்வர் குழு ஒன்றை அழைத்தோம்.

வந்தவுடன் யாரும் இறங்கவில்லை. எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். வாயு மீட்டரைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்கினார்கள். வாய்ப்பகுதியில் 20.9 சதவீதமாக இருந்த ஆக்சிஜன், நீர்மட்டத்தை நெருங்கியபோது 16.9 ஆகக் குறைந்து, மீட்டர் அலறியது, 19.5க்குக் கீழே போனாலே அது அலறும். அழுகும் இலைகளில் பெருகும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவை வெளிவிடுகின்றன; காற்றைவிடக் கனமான அந்த வாயு அடியிலேயே தேங்கி நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வழக்கப்படி மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்க்கச் சொன்னார். சுடர் அணைவது ஏறத்தாழ 16 சதவீதத்தில்தான் என்பதால், அன்று அது எரிந்துகொண்டே இருந்திருக்கக்கூடும். கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு போன்ற நச்சு வாயுக்களைச் சுடர் காட்டிக்கொடுக்கவும் செய்யாது.

அடிவரை குழாய் விட்டு ப்ளோயரால் 40 நிமிடம் காற்றடித்து, மறுபடி அளந்து, 20.8 வந்த பிறகே ஒருவர் இறங்கினார். மீட்டர் அவர் மார்பிலேயே இருந்தது, ப்ளோயரும் ஓடிக்கொண்டே இருந்தது. நீரை இறைக்க மின்சார மோட்டாரையே பயன்படுத்தினார்கள். பெட்ரோல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கினால் அதன் புகையே ஆளைக் கொன்றுவிடும்.

குறைகளும் உண்டு. மீட்டர் கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்று கேட்டபோது உடனே பதில் வரவில்லை; சான்றிதழின் படம் மறுநாள்தான் கிடைத்தது. பாதுகாப்புப் பட்டையும் ஒன்றுதான் இருந்தது. உள்ளே இருப்பவர் மயங்கினால் என்ன செய்வீர்கள் என்றதற்கு, மேலே நின்ற இளைஞர், தாமே கயிற்றைப் பிடித்து இறங்குவதாகச் சொன்னார். அந்தப் பதில் என்னை மிகவும் கலங்க வைத்தது. கிணற்று விபத்துகளில் காப்பாற்ற இறங்குபவரே அடுத்து விழுகிறார். ஆக்சிஜன் மட்டும் குறையும்போது மூச்சு முட்டும் உணர்வு பெரும்பாலும் எழுவதில்லை. ஆக்சிஜன் மிகக் குறைவாக உள்ள இடத்தில் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பிவிடும், சில நிமிடங்களில் மூளை பாதிக்கப்படும். கிணற்றின் மேல் நிறுத்தும் மூன்று கால் தாங்கியும் கப்பியும் தயாராக இருந்ததால் பட்டை கட்டியவரை மேலிருந்தபடியே இழுத்துவிடலாம், தீயணைப்புத் துறையை 101இல் அழைத்துவிட்டு ப்ளோயரை நிறுத்தாமல் ஓட்டினால் போதும் என்று குழுத் தலைவர் அந்த இளைஞருக்கு விளக்கிய பிறகே வேலையைத் தொடரச் சம்மதித்தேன்.

கூலி 9,500 ரூபாய். மீட்டர் இல்லாத வேறொருவர் 5,000 கேட்டிருந்தார். அவரை நான் அழைக்க மாட்டேன். இந்தக் குழுவையே அடுத்த முறையும் அழைப்பேன், ஆனால் இரண்டாவது பட்டையையும் மீட்டர் சான்றிதழையும் கண்ணால் பார்த்த பிறகுதான் மூடியைத் திறக்கவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன், அவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.