கேம் சீக்கிரம் லோடாக லேப்டாப்பில் எந்த டிரைவ்? ஹார்ட் டிஸ்க், சாட்டா, என்.வி.எம்.இ. ஓர் அலசல்

லேப்டாப்பில் வரும் 5400 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 5400 சுற்று) ஹார்ட் டிஸ்க், பெரிய வீடியோ கோப்பைப் படிக்கும்போது வினாடிக்கு 100 எம்.பி.க்கு மேலேயே தரும். கேம் என்று வந்தால் திணறுகிறது. காரணம், டெக்ஸ்சர், ஒலி, மாடல் என ஆயிரக்கணக்கான துண்டுகள் அதன் சுழலும் தட்டில் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் எடுக்க, தட்டைப் படிக்கும் ஹெட் இடம் மாற வேண்டும்; ஒரு தாவலுக்கே 10 மில்லிவினாடிக்கு மேல் போய்விடும். 4 கே.பி. துண்டுகளாகப் படிக்கச் சொன்னால் வினாடிக்கு 1 எம்.பி.யைத் தொடுவதே பெரும்பாடு. 2023இல் வந்த ஸ்டார்ஃபீல்டு, குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகமின்றிச் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) கேட்டது. புது கேம்களுக்கு ஹார்ட் டிஸ்க்கின் காலம் முடிந்துவிட்டது. படம், பாட்டு, பேக்கப் வைத்துக்கொள்ளலாம்.

ஹார்ட் டிஸ்க் பயன்படுத்தும் அதே சாட்டா இணைப்பில் ஓடும் சாட்டா எஸ்.எஸ்.டி.யில் ஹெட்டும் இல்லை, தட்டும் இல்லை. வேகத்துக்கு உச்சம் வினாடிக்கு 550 எம்.பி. அளவுதான். ஆனாலும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து இதற்கு மாறும்போதுதான் காத்திருப்பு கண்கூடாகக் குறையும். அடுத்த படி, வேகமான பி.சி.ஐ.இ. இணைப்பில் ஓடும் எஸ்.எஸ்.டி.யான என்.வி.எம்.இ. அந்த இணைப்பின் மூன்றாம் தலைமுறையில் இது 3,500 எம்.பி. வரை போகும். எண்ணில் ஆறு மடங்கு. கேமிலோ பெரும்பாலும் சில வினாடிகள்தான் மிச்சமாகும். கோப்புகள் சுருக்கப்பட்ட நிலையில் வருகின்றன. அவற்றைப் பிரிப்பது, ஷேடர்களை (ஒளி, நிறம் வரையும் சிறு நிரல்களை) தயார் செய்வது, காட்சியை அடுக்குவது எல்லாம் பிராசஸரின் வேலை. டிரைவ் கொடுத்துவிட்டுச் சும்மா காத்திருக்கும். நான்காம் தலைமுறைக்கு, அதாவது 7,000 எம்.பி.க்குப் போனாலும் இதே கதைதான்.

மைக்ரோசாஃப்டின் டைரக்ட்ஸ்டோரேஜ் இதை மாற்ற வந்த நுட்பம். சுருக்கத்தைப் பிரிக்கும் வேலையை கிராபிக்ஸ் சிப்பிடம் தள்ளவும் முடியும். 2023 ஜூலையில் பி.சி.க்கு வந்த ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட் அப்படிச் செய்கிறது. இப்படிப்பட்ட கேம்கள் இன்னும் குறைவு. அதனால் ஒரே பணத்துக்கு 500 ஜி.பி. அதிவேக டிரைவா, 1 டி.பி. நடுத்தர டிரைவா என்றால் தயங்காமல் 1 டி.பி. பக்கம் போங்கள். ஸ்டார்ஃபீல்டு ஒன்றே 125 ஜி.பி. இடம் கேட்கிறது, 1 டி.பி. என்று வாங்குவதும் விண்டோஸில் 931 ஜி.பி.யாகத்தான் தெரியும்.

விலை குறைந்த டிரைவ்களில் இரண்டு சிக்கனங்கள் இருக்கும். ஒன்று, எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்ற பட்டியலை வைக்க டிரைவிலேயே டி.ராம் என்ற நினைவகச் சிப் இல்லாமல் லேப்டாப்பின் ராமில் கொஞ்சம் கடன் வாங்குவது. கேமுக்கு இது பெரிய குறையில்லை. இரண்டாவது, ஒரு செல்லில் நான்கு பிட் திணிக்கும் கியூ.எல்.சி. படிக்கும்போது வேகம் நன்றாகவே இருக்கும். 100 ஜி.பி. கேமை நிறுவும்போதோ பெரிய பேட்ச் இறங்கும்போதோ அதன் எஸ்.எல்.சி. கேச் (வேகமாக எழுத ஒதுக்கிய தற்காலிகப் பகுதி) நிறைந்தால் எழுதும் வேகம் சட்டென்று சரியும், சில மாடல்களில் ஹார்ட் டிஸ்க் அளவுக்கே. டிரைவ் நிறைய நிறைய அந்த கேச்சும் சுருங்கும். கேம்களுக்கு மட்டும் இரண்டாவது டிரைவாகப் போடுவதானால் கியூ.எல்.சி. போதும். விண்டோஸும் அதிலேயே இருக்கப்போகிறது என்றால் ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டி.எல்.சி. வாங்குங்கள், 15 சதவீதமாவது காலியாக விடுங்கள்.

வாங்கும் முன் லேப்டாப்பின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். பலரும் ஏமாறுவது இங்கேதான். எம்.2 என்பது ஸ்லாட்டின் வடிவம் மட்டுமே. சில பழைய லேப்டாப்களின் எம்.2 ஸ்லாட் சாட்டாவை மட்டுமே ஏற்கும், அதில் என்.வி.எம்.இ. டிரைவைச் செருகினால் பயோஸில் தலைகாட்டாது. நீளமும் முக்கியம்: 2280, 2242, 2230 என்பவற்றில் கடைசி இரண்டு இலக்கம் மில்லிமீட்டரில் நீளம். மெல்லிய லேப்டாப்பில் இருபுறமும் சிப் உள்ள டிரைவ் உட்காராமல் போகலாம். நான்காம் தலைமுறை டிரைவ் மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் வேலை செய்யும், ஸ்லாட்டின் வேகத்தில். ஐந்தாம் தலைமுறை இப்போதைக்கு வேண்டாம். அது அதிகம் சூடாகும்; அந்தச் சூட்டை மெல்லிய உடலில் வெளியேற்றுவது கடினம்.

எம்.2 ஸ்லாட்டே இல்லையா? 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி.யை ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் போடுங்கள். டி.வி.டி. டிரைவ் உள்ள மாடலில் அதைக் கழற்றி, அந்த இடத்தில் பொருந்தும் கேடி என்ற சட்டகத்தில் பழைய ஹார்ட் டிஸ்க்கை வைக்கலாம். கேடி 9.5, 12.7 மி.மீ. என இரண்டு தடிமனில் வரும்; அளந்துவிட்டு வாங்குங்கள். எஸ்.எஸ்.டி.யைக் கேடியில் வைக்காதீர்கள், சில லேப்டாப்களில் அந்த சாட்டா இணைப்பின் வேகம் பாதிதான்.

உடலைத் திறக்க விருப்பமில்லாதவர்களுக்கு வெளி எஸ்.எஸ்.டி. உண்டு. 10 ஜிகாபிட் யு.எஸ்.பி. போர்ட்டில் 1,000 எம்.பி. வரை வரும், சாட்டாவைவிட மேல். அதையே யு.எஸ்.பி. 2.0 போர்ட்டில் செருகினால் 40 எம்.பி.கூடத் தேறாது. விளையாட்டின் நடுவே கேபிள் அசைந்தால் கேம் அங்கேயே நின்றுவிடும்.

மாற்றும்போது பிட்லாக்கர் (விண்டோஸின் டிரைவ் பூட்டு) ரிகவரி கீயை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே டிரைவைத் தொடுங்கள். சுமார் 30 டிகிரி சாய்த்துச் செருகி, டிரைவைக் கீழே அழுத்திப் பிடித்துத் திருகாணியைப் போடுங்கள். இன்டெல் 11ஆம் தலைமுறை பிராசஸர் முதல் பல லேப்டாப்களில் விண்டோஸ் நிறுவும்போது டிரைவே தெரியாது. டிரைவ்களை நிர்வகிக்கும் வி.எம்.டி. என்ற இன்டெல் நுட்பம் இயங்குவதுதான் காரணம், அதற்கான மென்பொருளான இன்டெல் ஆர்.எஸ்.டி. டிரைவரைப் பென்டிரைவில் வைத்து அப்போது ஏற்றினால் தெரியும். பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் டிரான்ஸ்ஃபர் மோடைப் பாருங்கள்: இடப்பக்கம் இப்போதைய வேகம், வலப்பக்கம் டிரைவின் திறன். இரண்டும் ஒத்துவராவிட்டால் ஸ்லாட்தான் மட்டுப்படுத்துகிறது.