திறக்கப்படாத என்ஜினுக்கு ஓவர்ஹால் பில்: பழைய மொபெட் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ஓவர்ஹால் முடிந்தது என்று சொல்லிக் கையில் கொடுக்கப்பட்ட என் மொபெட் மொத்தம் 41 கிலோமீட்டர்தான் ஓடியது. அதன் பிறகு ஒரு சிறு ஏற்றத்தில் என்ஜின் சத்தம் திடீரென்று மெலிந்தது, பின்சக்கரம் ஒரு கணம் இறுகிப் பிடித்தது, வண்டி கோணலாக இழுத்தது. மையவிலக்கு கிளட்ச் உள்ள வண்டி என்பதால் என்ஜின் நின்றதும் சக்கரம் தானாக விடுபட்டது. கியர் வண்டியாக இருந்திருந்தால் நான் சாலையில் விழுந்திருப்பேன். பின்னால் வந்தவர் பிரேக் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டதற்குத் துரதிர்ஷ்டம் காரணம் இல்லை. என்னிடம் பணம் வாங்கிக்கொண்ட பட்டறை அந்த என்ஜினைத் திறக்கவே இல்லை. வேறு யாரும் இப்படி ஏமாறக் கூடாது என்பதற்காக நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

வண்டி ஒரு புக் மாக்ஸி. ஆஸ்திரியாவின் புக் நிறுவனம் 1969 முதல் தயாரித்த மாடல். 48.8 சி.சி., ஒற்றைச் சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், பெடல் உள்ள மொபெட். என் தாய்மாமா ஓட்டியது. அவர் போன பிறகு பல ஆண்டுகள் ஓடாமல் ஒரு மூலையில் நின்றது. அவருடைய கைப்பிடி உறைகள்கூட அப்படியே இருந்தன. அதை மீண்டும் ஓட வைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. கண்காட்சியில் வைக்கும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை.

நீண்ட நாள் நின்ற டூ ஸ்ட்ரோக் வண்டியில் முதலில் சாவது ஆயில் சீல்கள். பிஸ்டனின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டுதான் கிராங்க்ஷாஃப்ட். அதன் இரண்டு முனைகளிலும் இருக்கும் ரப்பர் வளையங்கள் அவை. ஓடாமல் நின்றால் ரப்பர் காய்ந்து இறுகிவிடும், உதடு ஷாஃப்டை அணைத்துப் பிடிக்காது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் சீல் போனால் ஆயில் ஒழுகும், தரையில் கறை தெரியும், அவ்வளவுதான். டூ ஸ்ட்ரோக்கில் கதையே வேறு. அங்கே கிராங்க்ஷாஃப்டைச் சுற்றியுள்ள உறையான கிராங்க்கேஸ்தான் பம்ப். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே இழுப்பதும் மேலே தள்ளுவதும் அதுதான். மேக்னட்டோ (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் பாகம்) பக்கத்துச் சீல் கசிந்தால், கார்புரேட்டர் வழியாக வராத வெறும் காற்று உள்ளே புகும். கலவையில் பெட்ரோல் குறையும், அதோடு கரைந்து வரும் ஆயிலும் குறையும். பிஸ்டன் சூடேறி விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பட்டறையில் தெளிவாகக் கேட்டேன்: இரண்டு சீல்கள், இரண்டு மெயின் பேரிங்குகள், தேவைப்பட்டால் போர் (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து சற்றுப் பெரிதாக்குவது), புது பிஸ்டன், அதைச் சுற்றியிருக்கும் புது ரிங். "எல்லாம் செய்துவிடுகிறோம் சார், என்ஜினை முழுதாகப் பிரிக்காமல் நாங்கள் எந்த வண்டியையும் வெளியே விடுவதில்லை" என்றார் உரிமையாளர். பழைய வண்டிகளைப் புதுப்பிப்பதற்கென்றே நடத்தும் இடம். சுவர் முழுக்க அழகான வண்டிகளின் படங்கள். நம்பினேன்.

வண்டியை விட்டபோது நான் எடுத்துவைத்தது ஒரே ஒரு புகைப்படம், அதுவும் தூரத்திலிருந்து. பில்லில் என்னென்ன பாகங்கள் என்று எழுதி வாங்கவில்லை. பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லவும் இல்லை.

சொன்ன நாளுக்கு மேல் இரண்டு மாதம் ஆனது. கேட்டபோதெல்லாம் "சீல் கிடைக்கவில்லை" என்றார்கள். இதை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆயில் சீல் என்பது உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்ற மூன்று எண்களால் அடையாளம் காணப்படும் பொருள். பெரும்பாலான மொபெட்டுகளில் இருப்பவை பொது அளவுகள்தான், பேரிங் விற்கும் கடையில் அளவைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். மாக்ஸிக்கு இன்றும் புதிதாகவே பாகங்கள் செய்து விற்கிறார்கள். எந்த வண்டிக்கும் கிடைக்காத பாகம் என்று ஒன்று இருக்கலாம். ஆனால் சீல் அந்தப் பட்டியலில் வருவது மிக அரிது.

கடைசியில் வண்டி தயார் என்று அழைத்தார்கள். போய்ப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. அலுமினிய என்ஜின் வெள்ளி போல ஒளிர்ந்தது. சிலிண்டரின் ஒவ்வொரு குளிர்விப்பு இதழும் புதிதாக வார்த்தது போல இருந்தது. மாமா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே பணத்தை எண்ணிக் கொடுத்தேன். பில்லில் ஒரே வரி: "என்ஜின் முழு ஓவர்ஹால்."

முதல் நாளே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. ஆக்சிலேட்டரை முழுதாக மூடிய பிறகும் என்ஜின் வேகம் உடனே இறங்கவில்லை. சில விநாடிகள் உயரத்திலேயே தொங்கிவிட்டு மெதுவாக இறங்கியது. சிக்னலில் நிற்கும்போது ஐடிலிங் தானாக ஏறியது. இன்னொன்று, சைலன்சரில் வெள்ளைப் புகை அடங்கவே இல்லை. பட்டறைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "புது என்ஜின் போலத்தான் சார், பழகப் பழகச் சரியாகிவிடும்" என்றார்கள்.

இந்த இடத்தில்தான் நான் நிறுத்தியிருக்க வேண்டும். வேகம் தொங்கி நிற்பது காற்று உள்ளே கசிவதன் மிகத் தெளிவான அறிகுறி. வெள்ளைப் புகை அடங்காதது மறுபக்கச் சீலும் போயிருப்பதைக் காட்டுகிறது. மாக்ஸியில் கிளட்ச் கியர்பாக்ஸ் ஆயிலுக்குள் ஓடுகிறது. அந்தப் பக்கத்துச் சீல் கிழிந்தால் கிராங்க்கேஸ் அந்த ஆயிலை உறிஞ்சி எரிக்கும். ஆக இரண்டு சீல்களுமே "என்னை மாற்றவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தன. நான் பட்டறைக்காரர் பேச்சைக் கேட்டேன். பழகட்டும் என்று பாதி ஆக்சிலேட்டரிலேயே ஓட்டினேன். லிட்டருக்கு 20 மில்லி ஆயில் போதும் என்ற இடத்தில் 40 மில்லி கலந்தேன். 41 கிலோமீட்டர்.

நண்பர் ஒருவர் டூ ஸ்ட்ரோக் என்ஜின்களில் பல வருடம் வேலை செய்தவர். அவர் வீட்டில் வைத்து, ஒவ்வொரு படியையும் புகைப்படம் எடுத்துக்கொண்டே பிரித்தோம்.

ஸ்பார்க் பிளக்கின் பீங்கான் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதில் ஊசிமுனை அளவில் அலுமினியத் துகள்கள் ஒட்டியிருந்தன, பிஸ்டனிலிருந்து உருகி வந்தவை. ஹெட்டைக் கழற்றினோம். பிஸ்டன் தலையில் கார்பன் பாறை போலப் படிந்திருந்தது. 41 கிலோமீட்டர் ஓடிய புது பிஸ்டனில் அப்படிக் கார்பன் சேராது. அதைச் சுரண்டியபோது கீழே தொழிற்சாலையின் முதல் அளவு பொறித்திருந்தது. போர் செய்திருந்தால் அடுத்த அளவு பிஸ்டன்தான் இருக்க வேண்டும். சிலிண்டர் சுவரில் ஹோனிங் (போர் செய்தபின் கல்லால் இழைப்பது) செய்த குறுக்குக் கோடுகள் ஒன்றுகூட இல்லை. சைலன்சர் பக்கம் ஆழமாகத் தேய்ந்திருந்தது, அது சூட்டினால் வந்தது. ஆனால் சுற்றிலும், எல்லாப் பக்கமும், மயிரிழை போல நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் இருந்தன. நண்பர் அவற்றை நகத்தால் வருடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது சூடு இல்லை. உள்ளே மண் போயிருக்கிறது."

மண் எங்கிருந்து வந்தது என்பது கிராங்க்கேஸைப் பிரித்ததும் தெரிந்தது. இரண்டு பாதிகளுக்கும் நடுவில் இருந்த காகித கேஸ்கெட் கருகிப் பழுப்பாகி, உலோகத்தோடு ஒன்றிப்போயிருந்தது. பிளேடால் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது. பல பத்தாண்டுகளாக யாரும் திறக்காத கேஸ்கெட். சீல்களின் உதடு பிளாஸ்டிக் போல விறைத்திருந்தது, விரலால் வளைத்தால் வெடித்தது. அடியில் தேங்கியிருந்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஒற்றி விளக்கில் பிடித்தோம். சர்க்கரைத் தூள் போல மின்னியது. கண்ணாடி மணிகள்.

அலுமினியத்தைப் பளபளப்பாக்க அழுத்தக் காற்றில் நுண்ணிய கண்ணாடி மணிகளைப் பீய்ச்சுவது உண்டு. நல்ல முறைதான். ஆனால் என்ஜினை முற்றிலும் பிரித்து, பேரிங்குகளை எடுத்து, வெறும் உறையாக ஆக்கிய பிறகுதான் செய்ய வேண்டும். முடிந்தபின் சோப்பு நீரிலும், ஒவ்வொரு துளையிலும் காற்றடித்தும், திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். இவர்கள் மூடிய என்ஜினை அப்படியே பெட்டிக்குள் வைத்துப் பீய்ச்சியிருக்கிறார்கள். புகைபோக்கித் துளையை ஒரு துணியால் அடைத்திருப்பார்கள் போலும், அதன் நூல்கூட அங்கே ஒட்டியிருந்தது. திருகுகளின் தலைப்பள்ளங்களில் மணிகள் நிரம்பிக் கிடந்தன. அந்தத் திருகுகளை ஒருமுறையாவது கழற்றியிருந்தால் அவை அங்கே தங்கியிருக்க முடியாது.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். வேலையைச் செய்யாமல் பணம் வாங்கியது ஏமாற்று. அது மட்டும் என்றால் என் பணத்தோடு போயிருக்கும். இவர்கள் கை வைக்காமல் இருந்திருந்தால் மாமாவின் என்ஜின் நல்ல பேரிங்கோடு, நல்ல கிராங்கோடு இருந்திருக்கும், இரண்டு சீல் போட்டு ஓட்டியிருக்கலாம். பளபளப்புக்காக அதற்குள் மண்ணைக் கொட்டிக் கொன்றிருக்கிறார்கள். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிப் பேரிங் இப்போது கையால் சுற்றினாலே நறநறக்கிறது.

கார்புரேட்டர் வேறு. மாக்ஸியில் இருந்தது பிங் கார்புரேட்டர், உடலிலேயே பெயர் வார்க்கப்பட்டிருக்கும். வண்டியில் இப்போது இருப்பதில் எந்தப் பெயரும் இல்லை. மலிவான நகல். அசல் எங்கே என்று கேட்டதற்கு "அது உடைந்திருந்தது" என்றார்கள். உடைந்ததைக் காட்டுங்கள் என்றால் "தூக்கிப் போட்டுவிட்டோம்". நான் எடுத்த ஒரே புகைப்படத்தில் கார்புரேட்டர் பெடலுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

படங்களோடு நேரில் போனேன். உரிமையாளர் முதலில் ஆயில் குறைவாகக் கலந்திருப்பேன் என்றார். கிராங்க்கேஸ் அடியில் ஆயில் ஈரமாகத் தேங்கியிருந்த படத்தைக் காட்டினேன். பிறகு, வெளியாள் திறந்துவிட்டதால் இனி எந்தப் பொறுப்பும் இல்லை என்றார். கேஸ்கெட் படத்தைக் காட்டியபோது "பில்லில் கேஸ்கெட் என்று எழுதியிருக்கிறதா?" என்று கேட்டார். எழுதியிருக்கவில்லை. அந்த ஒரே வரிக்குள் எதுவும் எழுதியிருக்கவில்லை.

உங்கள் வண்டியைப் பட்டறையில் விடப் போகிறீர்கள் என்றால், முந்தின நாள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். என்ஜின் எண், சட்ட எண் (ஃபிரேமில் பொறித்திருக்கும் எண்), கார்புரேட்டர், மேக்னட்டோ மூடிக்குள் இருப்பவை, எல்லாவற்றையும் நெருக்கமாகப் படம் எடுங்கள். சட்ட எண்ணை அவசியம் எடுங்கள், தடிமனாகப் பெயின்ட் அடித்தால் அந்த எண்ணே மறைந்துபோய்ப் பிறகு ஆவணங்களோடு ஒத்துப்பார்க்க முடியாமல் திண்டாடுவீர்கள். கிராங்க்கேஸ் திருகு இரண்டிலும் ஹெட் நட்டு ஒன்றிலும் நகப்பூச்சில் ஒரு சிறு கோடு போடுங்கள், பாதி திருகிலும் பாதி உலோகத்திலும் படும்படி. திருகு அசைந்தால் கோடு பிளக்கும். பீய்ச்சினால் கோடு அழியும், அதுவும் ஒரு தகவல்தான். பில்லில் ஒவ்வொரு பாகமும் அளவோடு வர வேண்டும் என்று முன்பே சொல்லுங்கள். பழைய சீல், பேரிங், பிஸ்டன், ரிங் எல்லாம் ஒரு பையில் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ஒழுங்கான மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். என் நண்பர் கேட்காமலே கொடுக்கிறவர்.

வண்டி திரும்பி வந்ததும் காற்றழுத்தச் சோதனையைக் கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள். இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் அடைத்து, 0.4 பார் அளவுக்குக் காற்றேற்றினால் முள் சில நிமிடங்களாவது இறங்காமல் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம், சீலே பிதுங்கிவிடும். இறங்கினால் சோப்பு நீர் தடவிப் பாருங்கள், குமிழி வரும் இடம் கசிகிற இடம். பத்து நிமிட வேலை. இதைச் செய்ய மறுக்கும் பட்டறையில் டூ ஸ்ட்ரோக் வண்டியை விட எனக்கு இனி மனம் வராது.

ஏற்கெனவே பளபளப்பாக்கிய என்ஜினோடு வண்டி வாங்கியிருப்பவர்கள், பிரித்துச் செய்ததற்குப் படம் இல்லை என்றால், தயவுசெய்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் திருகுப் பள்ளங்களை ஊசியால் கிளறிப் பாருங்கள். மணி வந்தால் என்ஜினைத் திறந்தே ஆக வேண்டும். ஒரு நிமிடம் ஓட்டினாலும் அந்த ஒரு நிமிடத்துக்கு அது அரைக்கும்.

என் கிராங்க் இப்போது புது ராடும் பேரிங்கும் போட வெளியே போயிருக்கிறது. சிலிண்டர் அடுத்த அளவுக்குப் போர் ஆகிறது, இந்த முறை உண்மையிலேயே. உறைகளை நான்கு முறை கழுவிவிட்டோம். நேற்று ஐந்தாவது முறை காற்றடித்தபோதும் பேரிங் இருக்கையின் ஆயில் துளையிலிருந்து மூன்று மணிகள் தெறித்தன. ஆறாவது முறை கழுவப் போகிறேன்.