பாளையங்கோட்டை முருகன்குறிச்சி மாடியில இருக்க போட்டோ ஸ்கேனிங் கடை, நம்பிப் போகலாம்

எங்க தாத்தாவுக்கு அப்பா, நாங்க பூட்டையான்னு சொல்லுவோம், அவரு தூத்துக்குடியில கப்பல் ஏறி கொழும்புக்குப் போயி ஜவுளிக்கடையில கணக்கு எழுதினவரு. அவரோட தகரப்பெட்டியில நாலு போட்டோ கார்டு கெடந்துச்சு, எல்லாம் கப்பல் கதையா வந்த ஒரே இங்கிலீஷ் சினிமாவோட காட்சி, பின்னால பென்சில்ல 'கொழும்பு 1928'ன்னு அவரு கையெழுத்து. படம் பேரு 'தி ரோட் டு ரொமான்ஸ்', 1927ல வந்த ஊமைப்படம், ரேமோன் நொவாரோ ஹீரோ, மார்சலின் டே ஹீரோயின். ஜோசப் கான்ராட், ஃபோர்டு மடாக்ஸ் ஃபோர்டுன்னு ரெண்டு இங்கிலீஷ் எழுத்தாளருங்க சேந்து எழுதின நாவல்ல இருந்து எடுத்தது, கடல், கொள்ளைக்காரன், காதல் எல்லாம் உண்டு. இப்ப அந்தப் படம் உலகத்துல எங்கயும் இல்ல. பிரிண்டே கெடையாது.

அந்தக் காலத்து பிலிம் நைட்ரேட்டுங்கிற ரசாயனப் பொருள்ல செஞ்சது, சட்டுனு தீப்பிடிக்கும், சும்மா வச்சிருந்தாலே நாளாவட்டத்துல பிசுபிசுன்னு ஆகி பொடிஞ்சிரும். அதே 1927லயே பேசும்படமும் வந்துட்டதால ஊமைப்படத்தைப் பத்திரமா வைக்கணும்னு யாருக்கும் தோணல, பிலிம்ல இருக்க வெள்ளிக்காக அதை உருக்கினதும் உண்டு. அமெரிக்காவுலயே ஊமைப்படத்துல 70 சதவீதம் போச்சுங்காங்க. நம்ம நாட்டுல 1,300க்கு மேல எடுத்ததுல 30 கூட மிஞ்சல, தமிழ்நாட்டுல முதமுதல்ல நடராஜ முதலியார் எடுத்த கீசக வதமும் போனதுதான். அதனால எனக்கு இந்த நாலு கார்டும் சும்மா போட்டோ இல்ல.

மொதல்ல வேற ஒரு கடையில குடுத்தேன், பேரு வேண்டாம். ஏஐ போட்டு கலராக்கித் தந்தாங்க, பளபளன்னு இருந்துச்சு, வீட்டுல எல்லாருக்கும் சந்தோசம். ராத்திரி ஒரிஜினலைப் பக்கத்துல வச்சுப் பாத்தா ஹீரோ மூஞ்சி வேற யாரோ மாதிரி இருக்கு, அவரு கையில புடிச்சிருந்த கயிறையே காணோம், வெறுங்கையை மடக்கி வச்சிருக்காரு. எனக்கு வயிறு எரிஞ்சிருச்சு. படம் இருந்தா அதைப் போட்டு ஒத்துப் பாக்கலாம், படமே இல்லாதப்ப இந்தத் தப்பைத்தான நாளைக்கு எங்க பிள்ளைய நெசம்னு நம்பும்?

அப்புறந்தான் ஒரு சினேகிதன் சொல்லி இங்க வந்தேன். கடைக்காரர் கார்டைக் கையில வாங்கவே இல்ல, மேசையில வெள்ளைத்துணி விரிச்சு அதுல வைக்கச் சொன்னாரு, கையுறை மாட்டிக்கிட்டு மெதுவான பிரஷ்ஷால தூசி தட்டுனாரு. ஓரத்துல கருப்பு வர்ற இடமெல்லாம் சாய்ச்சுப் பாத்தா ஈயம் பூசுன மாதிரி மினுங்கும், அதைக் காட்டி, "அண்ணாச்சி, இது அழுக்கு இல்ல, போட்டோவுல உள்ள வெள்ளி மேல ஏறி வந்திருக்கு, தொடைச்சிராதிய, ஸ்கேனர்ல வச்சா இது வெளுத்துத் தெரியும்"னாரு. அதனால மேல கேமராவை மாட்டி ரெண்டு பக்கமும் லைட்டைச் சரிச்சு வச்சு எடுத்தாரு. ஒரு கார்டுக்கு அரை மணி நேரம். கலர் பண்ணவான்னு அவரு கேக்கவே இல்ல. பூச்சி அரிச்ச ஓட்டையை மட்டும் அடைக்கவான்னு கேட்டாரு, ஹீரோயின் தோள்ல ஒரு ஓட்டை, நான் வேண்டாம்னுட்டேன், அவரும் "இருக்கட்டும், அங்கன என்ன இருந்துச்சுன்னு நமக்கு என்ன தெரியும்"னாரு. அந்த வார்த்தைக்கே காசு குடுக்கலாம்.

நாலு கார்டு, முன்பக்கம் பின்பக்கம் சேத்து எட்டு பைல், கைபடாத ஒரிஜினல் தனியா, கறை குறைச்சது தனியா, கூட நாலு பிரிண்டு, மொத்தம் 1,800 ரூபா ஆச்சு. கூடுதல்தான், ஆனா வேலைக்குத் தகும். குறைன்னா, வாட்ஸ்அப்புல பதில் வர ரெண்டு நாளாகும், நேர்ல போறதுதான் நல்லது, மாடிப்படி குறுகல், வயசானவங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க. மொதல்ல பளபளப்பு பேப்பர்ல பிரிண்டு போட்டுட்டாரு, பளபளப்பு இல்லாத மேட் பேப்பர்ல வேணும்னேன், முகம் சுளிக்காம மாத்திக் குடுத்தாரு.

அப்பாவுக்கு இப்ப கண்ணு சரியா தெரியாது. கப்பல் கார்டைப் பெரிசா போட்ட பிரிண்டை மடியில வச்சு ரொம்ப நேரம் தடவிக்கிட்டே இருந்தாவ, அப்புறம் "கயிறு இருக்கால?"ன்னு கேட்டாவ. இருக்குப்பா, முறுக்கு முறுக்கா தெரியுதுன்னேன்.