கேன்வாஸ் பிரிண்ட்: முதல் தடவை மடிப்பு போச்சு, இரண்டாம் தடவை வந்துவிட்டது

சிறுமுகையில் எங்கள் தறிக்கூடத்துச் சுவருக்கு ஒரு பழைய கல் சிற்பத்தின் படம் வேண்டியிருந்தது. கோவை காந்திபுரத்தில் ஒரு பிரிண்ட் கடையில் கேன்வாஸில் அடித்து வாங்கினேன். மூன்றேகால் அடி உயரம், 3 அடி அகலம். அசல் கல்லும் ஏறக்குறைய இதே உயரம்தான். மரச்சட்டத்தோடு 1,900 ரூபாய்.

ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலில் கிழக்குப் பக்கம் இருந்த சிற்பம் அது. இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் துணியை மடித்துப் பிடித்திருக்கிறார்கள். பானதெனையா திருவிழாவில் அந்த ஊர்த் தெய்வம் அதீனாவுக்குச் சாத்தும் பெப்லோஸ் என்கிற ஆடைதான் அது என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நம் ஆடி மாதத்தை ஒட்டி வருஷா வருஷம் நடந்த விழா, 4 வருஷத்துக்கு ஒரு முறை பெரிய விழா. 9 மாதம் முன்னாலேயே அந்த ஆடைக்குத் தறியில் பாவு நூல் பூட்டிவிடுவார்கள். தொடங்கிவைக்க 7 முதல் 11 வயதுச் சிறுமிகளும் இருப்பார்கள். குங்குமப்பூ மஞ்சளில் துணி. தேவர்களும் அரக்கர்களும் மோதுகிற போர்க்காட்சியைத் தறியிலேயே நெய்து எடுப்பார்கள். ஒரு முந்தானைக்குப் புட்டா போடுகிறவளுக்கே அது எவ்வளவு வேலை என்று தெரியும். எங்களுக்குச் சௌடேஸ்வரி அம்மன் எப்படியோ, அந்த ஊர் நெசவுக்கு அதீனா அப்படி.

முதல் பிரிண்டைப் பிரித்ததும் மனசு விட்டுப்போச்சு. கல் பழுப்பாக இருக்கிறதே என்று கடைப் பையன் வெளிச்சத்தைக் கூட்டிவிட்டான். முகம் பளிச்சென்று இருந்தது, துணி மட்டும் வெள்ளைப் பலகையாகிவிட்டது. எனக்கு வேண்டியதே அந்த மடிப்புகள்தான்! ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, ஓரக்கரை தனியாகத் தெரிய வேண்டும்.

கடைக்காரரிடம் போனில் அசலைக் காட்டினேன். “ஏனுங்க்கா, இந்த நிழல் அப்படியே வேணுங்களா?” என்றார். துணியை விரலால் தொட்டுக் காட்டினேன். அப்புறம் அவரே உட்கார்ந்து, ஒரு சாண் அளவுக்கு மாதிரி அடித்துக் காட்டி, சரி என்றபின் முழுசும் போட்டார். கூடக் காசு கேட்கவில்லை. இப்போது ஒவ்வொரு மடிப்பையும் எண்ணலாம். மை நாற்றம் மட்டும் 2 நாள் இருந்தது.

5க்கு 4 கொடுக்கிறேன். போகிறவர்கள் “கலரைத் தொடாதீங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், மாதிரி கேளுங்கள். ஆடி வெள்ளிக்குள் அதே சிற்ப வரிசையின் குதிரை வீரர்களையும் அவரிடமே அடிக்கக் கொடுத்திருக்கிறேன்.