வான்கோழியை அழைக்கும் மரப்பெட்டி

பென்சில்வேனியாவில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் சென்ற ஆடியில் ஊருக்கு வந்தபோது, கிருஷ்ணகிரியை அடுத்த எங்கள் மாந்தோப்பில் நான் வளர்க்கும் வான்கோழிகளை நினைவில் வைத்து, 30 டாலர் கொடுத்து வாங்கிய அழைப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். மேற்புறம் திறந்த, ஒரு சாண் நீளமுள்ள மெல்லிய மரப்பெட்டி. ஒரு முனையில் மட்டும் திருகாணியால் பொருத்திய மூடி. மூடியின் அடிப்பக்கத்தில் சாக்குக்கட்டியைத் தேய்த்துப் பெட்டியின் விளிம்பின் மேல் மெல்ல இழுத்தால், பெட்டை வான்கோழியின் குரல் எழுகிறது. இவ்வகைப் பெட்டிக்கு அமெரிக்காவில் 1897-லேயே காப்புரிமை வழங்கப்பட்டிருக்கிறது.

அங்கே இளவேனிலில் நடக்கும் காட்டு வான்கோழி வேட்டைக்கு இதுவும் ஒரு முக்கியக் கருவி. நம் பக்கத்தில் பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்துக் காட்டுக் கௌதாரியைப் பிடித்தவர்கள் அதைப் 'பார்வை' என்பார்கள். இதைக் குரலால் வைக்கும் பார்வை எனலாம். ஆனால் இயற்கையில் சேவல் நின்ற இடத்திலேயே வாலை விசிறிபோல் விரித்துக் குரல் கொடுக்க, பெட்டைதான் அதைத் தேடிப் போகும். வேட்டைக்காரனோ சேவலைப் பெட்டையிடம் நடந்துவரச் செய்யப் பார்க்கிறான். அதனால்தான் பதிலுக்குப் பதில் கூவிவிட்டு 60 கெஜத்துக்கு அப்பாலேயே நின்றுவிடும் சேவல்கள் அதிகம்; சாட்கன் ரவையை நம்பக்கூடிய தூரமோ ஏறத்தாழ 40 கெஜம்தான். சேவலின் தலையில் சிவப்பும் வெள்ளையும் நீலமும் இருப்பதால், இன்னொரு வேட்டைக்காரன் பறவை என்று கருதிச் சுட்டுவிடாதிருக்க, அந்த நிறத் துணி எதையும் உடுத்தக்கூடாதாம். தங்கை மகன் அங்கே நான்கு நாள் விடியுமுன் மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து வெறுங்கையோடு திரும்பினான்; ஐந்தாம் நாள் சத்தமே இல்லாமல் முதுகுப்பக்கம் வந்த சேவல், அவன் தலையைத் திருப்பியதும் மறைந்துவிட்டது. ஆயினும், இருட்டில் முதல் பதில் குரல் கேட்ட அந்த நிமிடத்துக்காகவே மறுபடியும் போவேன் என்கிறான்.

எங்கள் தோப்பில் வேட்டைக்கு இடமில்லை, சோதனை மட்டும்தான். வளர்ப்புச் சேவல் குக்கர் விசிலுக்கும் பைக் ஹாரனுக்கும்கூடக் கூவும் என்பதால், அது பதில் சொன்னதை வைத்துப் பெட்டியைப் புகழ்வது முறையாகாது. தோப்பின் மறுகோடியில் மேய்ந்துகொண்டிருந்த பெட்டைகள் தலை நிமிர்ந்து, குரல் கொடுத்தபடியே என்னை நோக்கி நடந்து வந்தபோதுதான் தரத்தை ஒப்புக்கொண்டேன். இப்போது மாலையில் அவற்றைக் கூண்டுக்கு அழைக்க இதையே பயன்படுத்துகிறேன்.

குறைகளும் உண்டு. சிறிது ஈரம் பட்டாலே குரல் செத்துவிடுகிறது. எண்ணெய்ப் பசையுள்ள சாக்குக்கட்டியைத் தேய்த்தாலும் அதே கதிதான். பையில் போட்டுக்கொண்டு நடந்தால் தானாகவே கீச்சிடுவதால், மூடியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டவேண்டியிருக்கிறது. பழகியவுடன் ஓயாமல் இழுக்கத் தோன்றும். இரண்டு மூன்று முறைக்கு மேல் போனால் பெட்டைகளே திரும்பிப் பார்ப்பதில்லை. வான்கோழி வளர்க்காதவர்களுக்கு 30 டாலர் வீண் செலவு.