நின்றுபோன காஸ்ட் அயர்ன் புல்லட்: ரிங் போதுமா, ரீபோரா, ஸ்லீவா, வேறு எஞ்சினா?

பல வருடமாகக் கொட்டகையில் கிடந்த பழைய புல்லட்டைக் குட்டியானையில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனால், ஹெட்டைக் கழற்றும் முன்பே தீர்ப்பு வந்துவிடும். "ரீபோர் அடிச்சு புது பிஸ்டன் போட்டுடலாம் சார், வண்டி கும்முன்னு இருக்கும்." பல வண்டிகளுக்கு அதுவே சரியான வைத்தியம். ஆனால் அளந்து பார்க்காமல் ரீபோர் செய்வதை, அதாவது சிலிண்டர் துளையைப் பெரிதாகக் கடைவதை, என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது. 350 புல்லட்டின் பிளாக் (சிலிண்டர்) 70 மி.மீ. துளை விட்டத்தில் தொடங்குகிறது. அதற்கு ஓவர்சைஸ் பிஸ்டன் வழக்கமாக 20, 40, 60 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என மூன்று அளவில் கிடைக்கும். மி.மீ. கணக்கில் 70.5, 71, 71.5. ஒவ்வொரு ரீபோரும் இந்த மூன்றில் ஒன்றைத் தின்றுவிடுகிறது. கடைந்தெடுத்த இரும்பு திரும்பி வராது.

நான் பேசுவது பழைய காஸ்ட் அயர்ன் எஞ்சினைப் பற்றி மட்டும். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அடிப்படை மாறாமல் வெளிவந்த எஞ்சின் இது. 70 மி.மீ. போர் (பிஸ்டன் ஓடும் துளை), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சி.சி. எண்ணெய்த் தொட்டி கிராங்க் கேஸுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கும். பின்னால் வந்த ஏ.வி.எல்., யு.சி.இ. எஞ்சின்களின் கட்டமைப்பே வேறு. கீழே வரும் கணக்குகளை அவற்றுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

நான்கு வழிகளையும் எடைபோடும் முன், எஞ்சின் உண்மையிலேயே தேய்ந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். நின்ற புல்லட் இந்த விஷயத்தில் ஆளை நன்றாக ஏமாற்றும். மாதக்கணக்கில் நிற்கும்போது தொட்டியில் உள்ள எண்ணெய் பம்ப் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து கிராங்கின் அடியில் சேர்ந்துவிடும். அப்படியே கிக்கர் அடித்து ஸ்டார்ட் செய்தால் தெருவே மறையும் அளவுக்கு நீலப்புகை வரும். அதைப் பார்த்து "ரிங் போச்சு" (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம் தேய்ந்துவிட்டது) என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கிராங்க் கேஸின் அடி போல்ட்டைத் திறந்து தேங்கியதை வடித்துவிட்டு, புது எண்ணெய் ஊற்றி, வண்டி நன்றாகச் சூடான பிறகு வரும் புகையை மட்டும் கணக்கில் எடுங்கள். ஆக்ஸிலரேட்டர் திருகும்போது தொடர்ந்து புகைத்தால் ரிங்கையும் போரையும் சந்தேகிக்கலாம். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை மூடி வந்து மறுபடி திருகும் நொடியில் மட்டும் ஒரு புகை வந்தால் வால்வு கைடைப் (வால்வின் தண்டு ஓடும் குழல்) பாருங்கள். கிக்கர் அழுத்தம் தாங்காமல் இறங்கினால் பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி மிதியுங்கள். இறுக்கம் கூடினால் ரிங் பக்கம் கோளாறு. கூடவில்லை என்றால் வால்வு உட்காரவில்லை. கிரைண்டிங் பேஸ்ட் போட்டு வால்வைத் தேய்த்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடலாம்.

கிக்கர் அசையவே மறுத்தால் அதன் மேல் ஏறி நிற்க வேண்டாம். கியரில் போட்டுத் தள்ளவும் வேண்டாம். ரிங் துருவில் ஒட்டியிருக்கும். பிளக் துளையில் டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றிச் சில நாள் ஊற விடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றி, மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டி இறக்கலாம்.

ஹெட் கழன்றதும் போரைக் கையால் தடவிப் பாருங்கள். மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு படி தட்டுப்படும். ரிங் அதற்கு மேல் போவதில்லை என்பதால் அங்கே இரும்பு தேயாமல் நிற்கிறது. அதற்கு நேர் கீழேதான் தேய்மானம் அதிகம். போர் கேஜ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் ஒரு பழைய ரிங்கும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) போதும். ரிங்கை போரின் அடியில், தேயாத இடத்தில் நேராக உட்காரவைத்து அதன் வாய் இடைவெளியை அளங்கள். பிறகு படிக்குக் கீழே, அதிகம் தேய்ந்த இடத்தில் வைத்து அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வந்துவிடும். வாய் 0.31 மி.மீ. கூடியிருந்தால் போர் 0.1 மி.மீ. தேய்ந்திருக்கிறது. ஆனால் போர் முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தால் இந்த முறை அதைக் காட்டாது. பிஸ்டன் முன்னும் பின்னும் அழுத்துவதால் அந்தத் திசையில் தேய்மானம் கூடுதலாகவே இருக்கும். முடிவு எல்லைக்கோட்டில் நின்றால் லேத் பட்டறையில் கேஜ் போட்டு அளந்துவிடுங்கள்.

அந்த அளவு சுமார் 0.1 மி.மீ.க்குள் இருந்து, பிஸ்டனில் கோடு விழாமல், ரிங் பள்ளமும் தளராமல் இருந்தால் ரிங் மாற்றுவதே என் தேர்வு. நான்கு வழிகளில் செலவு குறைந்தது இது. எஞ்சினை ஃபிரேமிலிருந்து இறக்கவே வேண்டாம். பிளாக்கும் கம்பெனி அளவிலேயே நிற்கும். இதற்குக் கெட்ட பெயர் வந்ததற்குக் காரணம் செய்கிற விதம். பழைய ரிங்கோடு பழகிப் பளபளவென்று ஆன சுவரில் புது ரிங் உட்காராது. ஹோன் (சுவரைத் தேய்க்கும் சுழல் கல்) போட்டுக் குறுக்குக் கோடு விழச் செய்தால்தான் எண்ணெய் நிற்கும், ரிங்கும் பழகும். மேலே சொன்ன படியை எடுக்காமல் விட்டால் புது ரிங்கின் கூரான விளிம்பு அதில் இடித்து உடையும். பிஸ்டன் பள்ளத்தில் இறுகிய கரியை உடைந்த பழைய ரிங் துண்டாலேயே சுரண்டி எடுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் போட்டால் அலுமினியம் பெயர்ந்துவிடும். புது ரிங்கின் வாயை போருக்குள் வைத்துப் பார்த்து, 0.3 மி.மீ.க்குக் குறைந்தால் அரம் போட வேண்டும். இவ்வளவும் செய்தால் ரிங் வேலை வருடக்கணக்கில் நிற்கும். வெறுமனே பழையதை உருவிப் புதியதை மாட்டினால் ஒரு மழைக்காலம் கூடத் தாங்காது.

நின்ற வண்டிக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல், துருக்குழி. பிஸ்டன் எந்த இடத்தில் நின்றதோ அங்கே ரிங்கின் அகலத்துக்கு ஒரு துருவளையம் விழுந்திருக்கும். வால்வு திறந்த நிலையில் நின்றிருந்தால் ஈரம் உள்ளே போய் இன்னும் மோசம். வெறும் கறையாக இருந்தால் ஹோனிலேயே போய்விடும். நகம் வைத்து இழுக்கும்போது தட்டினால் அது குழி. குழியின் ஆழம் விட்டக் கணக்கில் இரட்டிப்பாகும் என்பதை மறந்துவிடக் கூடாது: 0.05 மி.மீ. குழியை ஹோன் போட்டே எடுக்கப் பார்த்தால் போர் 0.1 மி.மீ. விரிந்துவிடும். அப்படி விரிந்த போரில் பழைய பிஸ்டன் கடகடக்கும். குழி விழுந்திருந்தால் ரிங் ஆசையை விட்டுவிடுங்கள்.

தேய்மானம் 0.2 மி.மீ.யைத் தொட்டாலும், நகத்தில் தட்டும் குழி இருந்தாலும் ரீபோர்தான். இடைப்பட்ட தேய்மானத்துக்கு வண்டியின் உபயோகம் முடிவு செய்யட்டும். ஞாயிற்றுக்கிழமை டீக்கடை வரை போகிற வண்டிக்கு ரிங் போதும். திருச்சி, மதுரை என்று நெடுஞ்சாலையில் ஓட்டுவதாக இருந்தால் நான் ரீபோருக்கே கொடுப்பேன். கொடுக்கும்போது பிஸ்டனையும் சேர்த்துக் கொடுங்கள். பெட்டியில் 70.5 என்று அச்சிட்டிருந்தாலும் கையில் இருக்கிற பிஸ்டனை அளந்துதான் கடைய வேண்டும். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதற்கான இடைவெளியைப் பிஸ்டன் தயாரிப்பாளர் சொல்லியிருப்பார். இறுக்கி வைத்தால் முதல் நெடும்பயணத்திலேயே பிஸ்டன் சுவரில் இறுகிச் சீஸ் ஆகும். தளர்த்தி வைத்தால் குளிர்ந்த எஞ்சினில் பிஸ்டன் சத்தம் போகவே போகாது. 20 தௌவில் சுத்தமாகிற போரை, "அந்த சைஸ் பிஸ்டன் ஸ்டாக் இல்லை" என்று 40-க்குக் கடைவதற்குச் சம்மதிக்காதீர்கள். ஒரு வாரம் காத்திருந்து சரியான பிஸ்டன் வாங்குவது எவ்வளவோ மேல். 60-க்குப் போனால் 361 சி.சி. ஆகிறதே என்று சிலர் மகிழ்கிறார்கள். அந்த 15 சி.சி.யை ரோட்டில் உணர முடியாது. அடுத்த ரீபோருக்கு இரும்பு இல்லாமல் போவதைத்தான் உணர்வீர்கள்.

ரீபோர் கெட்டுப்போவது பெரும்பாலும் லேத்தில் அல்ல, அதற்குப் பிறகு கழுவும் இடத்தில். ஹோன் கல்லின் பொடி வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் புகுந்துகொள்ளும். பெட்ரோல் ஊற்றிக் கழுவினால் எண்ணெய்தான் போகும், பொடி அங்கேயே இருக்கும். வெந்நீரும் சோப்புத்தூளும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் வந்தால் இன்னும் பொடி இருக்கிறது என்று பொருள், மறுபடி கழுவுங்கள். துணி வெள்ளையாகவே வரும்வரை பிளாக்கை வண்டியில் ஏற்றக் கூடாது. பனியன் வேஸ்ட்டால் ஒரு துடை துடைத்து மாட்டுகிற பட்டறையில் புது ரிங் சீக்கிரமே உப்புத்தாள் உரசியதுபோல் தேய்ந்து நிற்கும்.

மூன்று ஓவர்சைஸும் முடிந்த பிளாக்குக்கு ஸ்லீவ். பிளாக்கைப் பெரிதாகக் கடைந்து, உள்ளே வார்ப்பிரும்புக் குழாயை இறுக்கி இறக்கி, அதை மறுபடி 70-க்குக் கடைவார்கள். ஸ்லீவ் போட்ட வண்டி என்றாலே மட்டமாகப் பேசும் பழக்கம் இருக்கிறது. அது நியாயமில்லை. நல்ல ஸ்லீவ் போட்ட பிளாக் மறுபடி ஸ்டாண்டர்டு அளவுக்கு வருகிறது. மூன்று ரீபோரும் புதிதாகக் கையில் கிடைக்கின்றன. ஆனால் எல்லாமே லேத்துக்காரரின் கையில் இருக்கிறது. காற்றில் ஆறும் எஞ்சின் இது. ஸ்லீவின் வெளிச்சுவர் பிளாக்கோடு முழுக்க ஒட்டினால்தான் சூடு வெளியே உள்ள ஃபின் தகடுகளுக்குப் போகும். இடையில் எங்காவது விட்டிருந்தால் அந்த இடம் மட்டும் கொதிக்கும். மேலே விளிம்பு வைத்த ஸ்லீவாக இருந்தால் கீழே நழுவாது. ஸ்லீவில் நல்ல கை உள்ள பட்டறை உங்கள் ஊரில் இல்லை என்றால், புது பிளாக்–பிஸ்டன் செட் வாங்கிவிடலாம். வாங்கும்போது உயரத்தையும் ஸ்டட் துளைகளையும் பழைய பிளாக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய பிளாக்கைக் காயலான் கடையில் எடைக்குப் போடாமல் எண்ணெய் தடவி எடுத்து வையுங்கள்.

வேறு எஞ்சின் மாற்றும் யோசனையை நான் கடைசியில்தான் வைப்பேன். சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் தேடினால் எஞ்சின் கிடைக்கும். ஆனால் கழற்றிப் பார்த்துத் தேய்மானம் தெரிந்த எஞ்சினைக் கொடுத்துவிட்டு, திறந்தே பார்க்காத எஞ்சினை வாங்கி வருவதில் என்ன லாபம்? அதைவிடப் பெரிய சங்கடம் எஞ்சின் நம்பர். அது கிராங்க் கேஸில் பொறித்தது, ஆர்.சி. புத்தகத்தில் ஏறியது. இந்த வண்டிகள் எல்லாம் 15 வருடத்தைத் தாண்டியவை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகம் போயாக வேண்டும். அங்கே சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் ஒப்பிடும்போது மாட்டிக்கொள்வீர்கள். கிராங்க் கேஸே உடைந்துபோயிருந்தால் வேறு வழியில்லை. அப்போதும் உரிய காகிதங்களோடு உள்ள எஞ்சினாகப் பார்த்து, ஆர்.டி.ஓ.விடம் முறைப்படி அனுமதி பெற்று, ஆர்.சி.யில் மாற்றத்தை ஏற்றிவிடுங்கள்.

இந்த நான்கில் எதைத் தேர்ந்தாலும் பணம் கொடுக்கும் முன் கீழ்ப்பகுதியைப் பார்த்தாக வேண்டும். பிளாக்கை உருவியதும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடுவது இயல்பு. மேல் கீழாக 'டக் டக்' என்று தட்டினால் பிக் எண்ட் (ராட் கிராங்கைப் பிடிக்கும் அடி முனை) போய்விட்டது. பழைய புல்லட்டில் அங்கே இருப்பது ஃப்ளோட்டிங் புஷ் (தானும் சுழலும் உலோக வளையம்); எண்ணெய் ஒழுங்காக வராவிட்டால் அதுதான் முதலில் பலியாகும். தேய்ந்த பிக் எண்டுக்கு மேல் புது பிஸ்டனை ஏற்றினால், திரும்பி வந்த கம்ப்ரஷனின் அடி முழுவதையும் அந்த புஷ்தான் வாங்கும். சீக்கிரமே அடி சத்தம் கேட்கும், பிளாக்கை மறுபடி உருவ வேண்டியிருக்கும். கிராங்க் வேலைக்கு எஞ்சினையே இறக்க வேண்டும். கிராங்கைப் பிரித்து, கிராங்க் பின்னையும் புஷ்ஷையும் மாற்றி, சென்டரில் மாட்டி டயல் கேஜ் வைத்து நேர் பார்க்க வேண்டும். செலவு கூடுதல்தான். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், தேய்ந்த போரோடு கொஞ்ச நாள் ஓட்டலாம். தேய்ந்த பிக் எண்டோடு ஓட்டக் கூடாது. எண்ணெய் பம்ப்பையும் ஃபில்ட்டரையும் இதே கையோடு திறந்து சுத்தம் செய்துவிடுங்கள். வருடக்கணக்கில் நின்ற எண்ணெய் அங்கே களிம்பாக இறுகியிருக்கும்.

எல்லாம் பூட்டி முதல்முறை ஸ்டார்ட் செய்ததும் ஹெட்டில் வால்வைத் திறக்கும் ராக்கருக்குப் போகும் எண்ணெய் பைப்பின் போல்ட்டைச் சற்றே தளர்த்திப் பாருங்கள். எண்ணெய் கசிந்து வந்தால் சுற்று ஓடுகிறது. வராவிட்டால் உடனே அணைத்துவிட்டுப் பம்ப்பைத் திறங்கள். ரிங் மட்டும் மாற்றியிருந்தாலும் ரீபோர் செய்திருந்தாலும் ஸ்டாண்டில் நிறுத்தி மணிக்கணக்கில் ஐடிலில் ஓட விடாதீர்கள். சுமை ஏறினால்தான் ரிங் சுவரில் பழகும். முதல் 500 கி.மீ. வரை 50-ஐத் தாண்டாமல், ஒரே வேகத்தில் பிடித்து வைக்காமல், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். அது முடிவதற்கு முன்பே ஒருமுறை எண்ணெயை வடித்து, ஃபில்ட்டரை வெளியே எடுத்து வெயிலில் வைத்துப் பாருங்கள். சாம்பல் பூத்த மாதிரி மெல்லிய பொடி இருந்தால் ரிங் பழகுகிறது என்று அர்த்தம். மினுமினுக்கும் செதில் இருந்தால் புஷ் பெயர்கிறது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கிராங்கைப் பிரித்துவிடுங்கள்.