பழைய ஆலைக்குளத்தில் தூண்டிலோடு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டுக்கு நடுவே இருக்கும் இந்தக் கட்டண மீன்பிடிக் குளத்துக்கு மூன்று மாதங்களில் ஐந்து முறை சென்றுவிட்டேன். பெரிய மீன்தான் வேண்டுமென்றால் பேராக்கில் இதைவிடப் பெரிய குளங்கள் உண்டு.

பால்மரக் காலத்தில் இது தோட்டத்து ரப்பர் ஆலைக்குத் தண்ணீர் கொடுத்த குளம். இறக்கிய பாலில் தண்ணீர் கலந்து, ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறையவைத்து, உருளைகளில் கொடுத்துத் தகடாக்கும்போது விடாமல் கழுவவும் வேண்டியிருந்ததால், ஓடையை மறித்து இதை வெட்டினார்கள் என்று அந்த ஆலையில் வேலை செய்த என் தாத்தா சொல்லியிருக்கிறார். செம்பனை வந்ததும் ஆலை போய்விட்டது. தண்ணீர் இறைக்கும் எந்திரம் நின்ற சிமெண்ட் மேடை மட்டும் கிழக்குக் கரையில் பாசி படிந்து நிற்கிறது. அதில் துருப்பிடித்த நான்கு திருகாணிகள் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. நான் எப்போதும் அங்கேதான் உட்காருவேன்.

மூன்று மணி நேரத்துக்கு 15 வெள்ளி (ரிங்கிட்) வாங்குகிறார்கள், நியாயமான விலை. பாத்தின், ரோகு, கெளுத்தி, திலாப்பியா ஆகியவை இருக்கின்றன. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து வந்த திலாப்பியாவை எங்கள் பெரியவர்கள் இன்றும் ஜப்பான் மீன் என்றே சொல்கிறார்கள். அது தக்கையை இரண்டு மூன்று முறை துடிக்கவைத்த பிறகே இழுக்கும். பாத்தினோ தக்கையை ஒரேயடியாக அமுக்கிக்கொண்டு நடுக்குளத்துக்கு ஓடும், அப்போது தூண்டில் நரம்பு விரலை அறுக்கும்.

காலையில் செல்ல வேண்டாம். இரவெல்லாம் பாசியும் மீனும் சுவாசித்து நீரிலுள்ள உயிர்வளி குறைந்துவிடுவதால், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. இரையைத் தொடுவதே இல்லை. நீரில் காற்றைக் கலக்கும் சக்கரங்கள் இரண்டில் ஒன்று, நான் போன ஐந்து முறையும் ஓடவில்லை. பொறுப்பிலிருக்கும் அண்ணனிடம் சொன்னபோது பார்ப்பதாகச் சொன்னார். மீன்களின் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் விரைவில் பார்க்க வேண்டும். மாலை நான்கு மணிக்கு மேல் செல்பவர்களுக்கு மீன் நன்றாகக் கடிக்கிறது.

மேடையை ஒட்டி ஆழம் அதிகம், தடுப்பும் இல்லை. பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் கையை விடக்கூடாது. ஆபத்து என்பதற்காக மேடையையே இடித்துவிட்டுக் கூடாரம் போடப்போவதாகக் கடையில் பேசிக்கொண்டார்கள். கம்பித் தடுப்பு ஒன்று போட்டால் போதும். ஆலை இருந்ததற்கு அங்கே மிஞ்சியிருக்கும் ஒரே அடையாளத்தை இடிக்க வேண்டாம் என்று உரிமையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.